மதராஸ் கண்ட சிறுகோள்: 67 ஆசியாவின் கண்டுபிடிப்பு, பெயர், பாதை

1861 ஏப்ரல் 17 அன்று, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வான்நோக்ககத்தில், அரசு வானியலாளர் நார்மன் ராபர்ட் போக்சன் அதுவரை யாரும் அறியாத ஒரு சிறுகோளைக் கண்டார். கண்டறியப்பட்ட வரிசையில் அது 67ஆவது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் இச்செய்தி எண், பெயர், நாள், இடம், கண்டவர் என ஒரே வரியில் கிடைக்கும். அந்த வரியில் உள்ளவை எல்லாம் உண்மை. ஆயினும் ஒரு கண்டுபிடிப்பை ஒரு மனிதர், ஓர் இரவு என்று சுருக்கும்போது எவையெல்லாம் வெளியே விடப்படுகின்றன என்பதை ஆராய்ந்தாக வேண்டும். ஒரு சிறுகோளைக் ‘கண்டுபிடித்துவிட்டோம்’ என்று எப்போது சொல்லலாம்? அதில் மதராஸ் என்ற இடத்துக்கும் அங்கே பணியாற்றியவர்களுக்கும் என்ன பங்கு? ஆசியா என்ற பெயர் அந்தப் பங்கைச் சொல்கிறதா? இக்கட்டுரையின் கேள்விகள் இவை.

இருவகை வாசிப்புகள்

மதராஸ் வான்நோக்ககம் பற்றிய எழுத்துகளில் இரண்டு போக்குகளைக் காணலாம். ஒன்று போக்சனை மட்டுமே மையத்தில் வைப்பது. 1829இல் நாட்டிங்காமில் பிறந்தவர். லண்டனில் ஜார்ஜ் பிஷப்பின் தனியார் வான்நோக்ககத்திலும் பின்னர் ஆக்ஸ்ஃபர்டின் ராட்கிளிஃப் வான்நோக்ககத்திலும் தேர்ந்தவர். ஆக்ஸ்ஃபர்டிலேயே ஐசிஸ், ஏரியாட்னி, ஹெஸ்டியா என மூன்று சிறுகோள்களைக் கண்டவர். 1861இல் மதராஸ் வந்து, 1891இல் இங்கேயே மறைந்தவர். மதராஸில் அவர் கண்டவை ஐந்து: ஆசியா, சாஃபோ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885). இந்த வாசிப்பில் மதராஸ் அவர் தொலைநோக்கியை நிறுத்திய இடம் மட்டுமே. அவர் வேறெங்கு இருந்திருந்தாலும் இதையே செய்திருப்பார் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது.

மற்றொரு போக்கு இதற்கு மறுப்பாக எழுந்தது. காலனிய நிறுவனங்களில் இந்திய உதவியாளர்களின் உழைப்பு மறைக்கப்பட்டது என்ற சரியான இடத்தில் அது தொடங்குகிறது. ஆனால் அங்கிருந்து நகர்ந்து, போக்சன் பெயரில் உள்ளவை உண்மையில் யாருடையவை என்று ஐயுறும் அளவுக்குச் சிலரை இழுத்துச் செல்கிறது. நோக்கம் நியாயமானது, சான்று இல்லாமல் அந்த முடிவுக்குத் தாவுவது ஆய்வு ஆகாது.

இரு போக்குகளும் கண்டுபிடிப்பு என்பதை ஒரு கண நிகழ்வாக எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கணம் யாருடைய கண்ணுக்குச் சொந்தம் என்பதில் மட்டுமே அவை வேறுபடுகின்றன. சிறுகோள் வானியல் அப்படிப்பட்டதல்ல.

பார்ப்பதும் கண்டுபிடிப்பதும்

1801 ஜனவரி 1 அன்று பலெர்மோவில் ஜியுசெப்பே பியாட்சி முதல் சிறுகோளான சீரிசைக் கண்டார். சில வாரங்களிலேயே அது சூரிய ஒளியில் மறைந்தது. எங்கே மீண்டும் தோன்றும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இருபத்து நான்கு வயதுக் கணிதவியலாளர் காவுஸ் அதன் பாதையைக் கணித்துக் கொடுத்த பிறகே, அவ்வாண்டின் கடைசி இரவில் வானியலாளர் ஃபான் சாக் அதை மீண்டும் பிடித்தார். பார்த்தவர் பியாட்சி, தொலையாமல் காத்தது காவுசின் கணிதம்.

இது சீரிசோடு முடிந்துவிட்ட கதையன்று. 1857 செப்டம்பரில் பாரீஸில் ஹெர்மன் கோல்ட்ஷ்மிட் ஒரு சிறுகோளைப் பார்த்து, முந்தைய ஆண்டு தான் கண்டு தொலைத்த டாஃப்னிதான் அது என்று எண்ணினார். அதன் பாதையைக் கணித்த ஷூபெர்ட் அது டாஃப்னி அல்ல, வேறொரு கோள் என்று காட்டினார். அதுவே 56 மெலெட்டி. அதாவது, கண்டவரே தாம் கண்டது புதியது என்று அறியவில்லை; கணிதம்தான் சொன்னது. ஆசியாவுக்கு எட்டு நாள் முன்பு, 1861 ஏப்ரல் 9 அன்று, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் டட்டில் கண்ட 66 மாயா பின்னர் தொலைந்து, 1876இல்தான் மீண்டும் அகப்பட்டது.

காரணம் எளிது. தொலைநோக்கியில் சிறுகோளுக்கு வட்டு இல்லை. அது விண்மீனைப் போல ஒரு புள்ளி. விண்மீனிலிருந்து அதைப் பிரிப்பது இடப்பெயர்ச்சி ஒன்றே. சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கும்போது ஆசியா போன்ற ஒரு சிறுகோள் ஒரு நாளில் ஏறத்தாழ கால் பாகை, முழுநிலவின் அகலத்தில் பாதி, பின்னோக்கி நகரும். அதை உணர, அந்த வட்டாரத்து விண்மீன்களின் இருப்பிடம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 1807இல் வெஸ்டா கண்டறியப்பட்ட பின் 38 ஆண்டுகள் ஒரு சிறுகோளும் கிடைக்கவில்லை. 1845இல் ஹென்கே ஐந்தாவதைக் கண்டார்; 1847 முதல் ஆண்டுதோறும் கிடைக்கலாயின. பெர்லின் அறிவியல் கழகத்தின் விண்மீன் வரைபடங்கள் இடையில் வந்திருந்தன. படம் இல்லாமல் சிறுகோள் இல்லை.

பாதையைக் கணிக்க ஆறு எண்கள் வேண்டும்: பாதையின் அளவு, அதன் நீள்வட்டத் தன்மை, தளத்தின் சாய்வு, அத்தளம் திரும்பியிருக்கும் திசை, நீள்வட்டம் நீண்டிருக்கும் திசை, குறிப்பிட்ட நாளில் கோள் இருக்கும் இடம். ஒரு முறை பார்த்து அளந்தால் வானில் இரண்டு எண்கள் கிடைக்கும். ஆகவே குறைந்தது மூன்று அளவீடுகள் வேண்டும். அவை போதிய நாள் இடைவெளியில் அமைய வேண்டும். இரண்டு கிடைத்து மூன்றாவது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போக்சனின் வாழ்விலேயே சான்று உண்டு. 1872 நவம்பர் 27 அன்று எரிமீன் மழை பொழிந்தது. தொலைந்துபோன பீலா வால்மீனின் சிதறல்கள் பூமியைத் தொட்டன என்று கருதிய கோட்டிங்கன் வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ், அதன் எச்சத்தைத் தென்வானில் தேடும்படி மதராஸுக்குத் தந்தி அடித்தார். போக்சன் தேடினார், டிசம்பர் 2, 3 ஆகிய இரு நாள் விடியலில் ஒரு வால்மீனைக் கண்டார். பிறகு மேகம் மூடிக்கொண்டது. இரண்டே அளவீடுகள். அது எந்த வால்மீன் என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை. அதே வானியலாளர், அதே ஊர், அதே கண்கூர்மை. மூன்றாவது இரவு இல்லாததால் பார்த்தது கண்டுபிடிப்பாக முழுமை பெறவில்லை. 1861 ஏப்ரல் 17க்குப் பிந்தைய இரவுகளில் எடுக்கப்பட்ட அளவீடுகளை அந்த முதல் இரவுக்குச் சமமாக நான் மதிப்பதற்குக் காரணம் இதுவே.

நுங்கம்பாக்கம் தந்தது என்ன?

வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1786இல் எழும்பூரில் சொந்தச் செலவில் வைத்திருந்த கருவிகளிலிருந்து பிறந்தது இந்த வான்நோக்ககம். கிழக்கிந்தியக் கம்பெனி 1790இல் அதை ஏற்றது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங்கின் திட்டப்படி கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதன் கல்வெட்டு மொழிகளில் தமிழும் ஒன்று. கடல் வழியும் நில அளவையும் கம்பெனிக்கு வேண்டியிருந்தன. இரண்டுக்கும் விண்மீன்களின் இடம் துல்லியமாகத் தெரிய வேண்டும். இந்த நடைமுறைத் தேவையில் வளர்ந்த வேலையின் உச்சம் தாமஸ் கிளான்வில் டெய்லர் 1844இல் முடித்த 11,015 விண்மீன்களின் மதராஸ் அட்டவணை. போக்சன் வந்து இறங்கிய இடம் வெற்றிடமன்று. அறுபது ஆண்டுகளுக்கு மேல் இரவுதோறும் விண்மீன்களை அளந்து பழகிய ஒரு நிறுவனம் அங்கே காத்திருந்தது.

இடமும் உதவியது. சிறுகோள்களில் பெரும்பாலானவை, வானில் சூரியன் செல்லும் பாதையான சூரியவீதியை ஒட்டியே திரிகின்றன. ஆக்ஸ்ஃபர்டில் சூரியவீதியின் தென்கோடிப் பகுதி தொடுவானிலிருந்து 15 பாகைக்கு மேல் எழாது. மூடுபனியும் நகரப் புகையும் அங்கே பார்வையைக் கெடுக்கும். 13 பாகை வட அட்சத்திலுள்ள சென்னையில் அதே பகுதி 53 பாகை உயரத்துக்கு ஏறும். ஏப்ரல் நடுவில் சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும் கன்னி ராசிப் பகுதி சென்னை நள்ளிரவில் 67 பாகை உயரத்தில் நிற்கும். ஆக்ஸ்ஃபர்டில் 28 பாகையில். ஐரோப்பாவில் ஆர்வலர்கள் பலர் ஒரே வானத்தை ஒரே நேரத்தில் சல்லடை போட்டுச் சலித்த காலம் அது. அவர்களுக்கு எட்டாத உயரத்தை மதராஸ் தந்தது. போக்சன் பதவியேற்று ஓரிரு மாதங்களில் சிறுகோளைக் கண்டது அவருடைய தேர்ச்சியால் மட்டும் நேர்ந்ததன்று என்பது என் முடிவு.

இதே இடம் ஓர் இடரையும் வைத்தது. 1861இல் இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே தந்தி இல்லை. அது 1865இல் வந்தது. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் எட்டாண்டுகள் இருந்தன. புதிய கோள் பற்றிய கடிதம் நீராவிக் கப்பலில் செங்கடல் வழியாகச் சென்று, எகிப்தைத் தரைவழி கடந்து, மீண்டும் கப்பலேறி இங்கிலாந்தைச் சேர வாரக்கணக்கில் ஆயிற்று. அதற்குள் சிறுகோள் தன் ஒளிமிக்க நாட்களைக் கழித்துவிடும். எனவே தொடக்க வாரங்களின் அளவீடுகளுக்கு மதராஸ் தன்னையே நம்ப வேண்டியிருந்தது. 1872இல் ஒரு தந்தி சில நாட்களில் போக்சனைத் தென்வானம் பக்கம் திருப்பியதை இதனுடன் ஒப்பிட்டால், பதினோரு ஆண்டுகளில் வானியல் எவ்வளவு மாறியது என்பது விளங்கும்.

ஆசியாவின் பாதை

இனிக் கோளைப் பார்ப்போம். சூரியனிலிருந்து ஆசியாவின் சராசரித் தொலைவு 2.42 வானியல் அலகு, அதாவது ஏறத்தாழ 36 கோடி கிலோமீட்டர். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி இத்தொலைவுக்கு உரிய சுற்றுக்காலம் 3.77 ஆண்டுகள். பாதை தெளிவான நீள்வட்டம், மையப்பிறழ்ச்சி 0.185. சூரியனுக்கு மிக அருகில் வரும்போது 1.97 அலகிலும் மிகத் தொலைவில் 2.87 அலகிலும் இருக்கும். பூமியின் பாதைத் தளத்துக்கு 6 பாகை சாய்ந்தது. சுமார் 16 மாதங்களுக்கு ஒருமுறை பூமி அதை முந்திச் செல்லும்போது அது சூரியனுக்கு நேர் எதிரே, எதிர்நிலைக்கு வருகிறது. சிலிகேட் கனிமங்கள் நிறைந்த கல்வகைச் சிறுகோள் இது; விட்டம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர், சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் தொலைவு. தன்னைத் தானே சுற்ற ஏறத்தாழ 16 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

இந்த நீள்வட்டத்தால் விளையும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிர்நிலை அண்மைப் புள்ளியில் நேரும்போது ஆசியா, சேய்மைப் புள்ளியில் நேரும்போது இருப்பதைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு ஒளியுடன் தோன்றும். ஒரே கோள் ஓர் ஆண்டில் எளிதாகத் தென்படும். இன்னோர் ஆண்டில் தேடுபவரை ஏய்க்கும். சிறுகோள் வேட்டையில் இறங்கியவருக்கு எங்கே தேடுவது என்பதோடு எவ்வளவு ஒளியில் தேடுவது என்ற கணக்கும் வேண்டும். போக்சன் இன்று நினைக்கப்படுவது முதன்மையாக இந்தக் கணக்குக்காகத்தான். பழங்காலத்திலிருந்து விண்மீன்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று கண்மதிப்பில் பிரித்து வந்தார்கள். ஐந்து தர வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், ஒரு தரம் 2.512 மடங்கு ஆகும் என்று அவர் 1856இல் முன்மொழிந்தார். எங்கே முன்மொழிந்தார் என்பது முக்கியம்: 36 சிறுகோள்கள் 1857ஆம் ஆண்டில் ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளிலும் எவ்வளவு ஒளியுடன் தோன்றும் என்று கணித்துத் தந்த கட்டுரையில். இன்று உலகின் எல்லா வானியலாளர்களும் பயன்படுத்தும் ஒளித்தர அளவுகோல், நகர்ந்துகொண்டே மங்கியும் மிளிர்ந்தும் தோன்றும் சிறுகோள்களைத் தொலைக்காமல் இருக்க வேண்டும் என்ற நடைமுறைத் தேவையில் பிறந்தது. அவர் அளவுகோலையே அவர் கோளுக்குப் பயன்படுத்தினால், சராசரி எதிர்நிலையில் ஆசியா 11ஆம் தரம். இருண்ட வானில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீனைவிட நூறு மடங்கு மங்கல்.

சிறுகோள் பட்டையில் ஆசியா இருக்கும் இடமும் பொருளுடையது. வியாழன் ஒரு சுற்று முடிப்பதற்குள் மூன்று சுற்று முடிக்கும் கோளின் தொலைவு 2.50 அலகு. அந்த இடத்தில் சிறுகோள்கள் அரிது. வியாழனின் ஈர்ப்பு ஒரே தாளத்தில் மீண்டும் மீண்டும் இழுத்து அவற்றின் பாதைகளைக் குலைத்துவிடுகிறது. ஆசியாவின் சராசரித் தொலைவு இந்த வெற்றிடத்தின் உட்கரையில் விழுகிறது. டேனியல் கர்க்வுட் இந்த இடைவெளிகளை உணர்ந்தது 1866 வாக்கில், நூறு சிறுகோள்கள்கூடத் தெரியாத காலத்தில். அவருக்கு அன்று கிடைத்த ஒவ்வொரு பாதையும் ஒரு சான்று. மதராஸிலிருந்து போன ஆசியாவின் 2.42உம், சில்வியாவின் 3.48உம் அந்தச் சான்றுகளில் அடங்கும். சில்வியா கண்டறியப்பட்டபோது, அறியப்பட்ட 87 சிறுகோள்களில் சராசரித் தொலைவு மிகுந்தது அதுவே. அதுவரை தெரிந்த பட்டையின் வெளி எல்லையை அது தள்ளி வைத்தது.

பெயர் சொல்வதும் சொல்லாததும்

ஆசியா என்ற பெயரை விளக்குவோர் இரண்டு செய்திகளைச் சேர்த்தே தருகிறார்கள். கிரேக்கத் தொன்மத்தில் ஆசியா பெருங்கடலோனின் மகள். ஒரு மரபின்படி இயபெட்டசின் மனைவி, புரொமீத்தியசின் தாய். கூடவே, அது கண்டறியப்பட்ட கண்டம். இந்த இரட்டைத் தன்மை தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. அதைப் புரிந்துகொள்ள அந்தச் சில மாதங்களின் பெயரிடல் சச்சரவுகளைப் பார்க்க வேண்டும்.

சிறுகோளுக்குத் தொன்மப் பெண்களின் பெயர் இடுவது அன்றைய வழக்கம். 1850இல் ஜான் ஹிண்ட் 12ஆவது கோளுக்கு விக்டோரியா என்று பெயரிட்டபோது அமெரிக்க வானியலாளர்கள் எதிர்த்தார்கள். அது அரசியின் பெயர், வானத்தில் அரசர்களுக்கு இடமில்லை என்றார்கள். விக்டோரியா ரோமானிய வெற்றித் தெய்வத்தின் பெயரும்தான் என்பது ஹிண்டுக்குத் துணை நின்றது. 1861இன் தொடக்கத்தில் இச்சச்சரவு முற்றியது. பிப்ரவரியில் நேப்பிள்ஸில் தெ காஸ்பாரிஸ் கண்டது ஆசோனியா, இத்தாலியின் பழம்பெயர். மார்ச்சில் மார்சேயில் டெம்பல் கண்ட இரண்டில், ஒன்று ஃபான் சாக்கின் பழைய நோக்கிடத்தை நினைவூட்டும் ஆஞ்சலினா. மற்றது பவேரிய மன்னர் மாக்சிமிலியன் பெயரில் மாக்சிமிலியானா, கடும் எதிர்ப்பால் பின்னர் சிபெலி ஆனது. ஏப்ரல் இறுதியில் மிலானில் ஸ்கியாபரெல்லி கண்டது ஹெஸ்பீரியா, மறுபடியும் இத்தாலி. அந்நாட்டின் ஒன்றுபட்ட முடியாட்சி அவ்வாண்டு மார்ச்சில்தான் அறிவிக்கப்பட்டிருந்தது. இந்த வரிசையின் நடுவில் நிற்கிறது ஆசியா. மண்ணின் பெயரை வானில் எழுதும் ஆசை எங்கும் பரவியிருந்த மாதங்களில், தொன்மத்தின் மறைப்பும் கொண்ட ஒரு பெயரைப் போக்சன் தேர்ந்தார். ஆக்ஸ்ஃபர்டில் அவர் கண்ட ஐசிசும் இப்படிப்பட்டதே: எகிப்தியத் தெய்வம், ஆக்ஸ்ஃபர்டில் தேம்ஸ் நதிக்கு வழங்கும் பெயர், கூடவே அவர் மகளின் பெயர். அதைச் சூட்டியவர் ராட்கிளிஃபின் தலைவர் மானுவல் ஜான்சன்.

ஆகவே ஆசியா என்ற பெயர் ஐரோப்பிய மரபுக்குள் இருந்தபடி இடத்தைச் சுட்டியது. ஆனால் அது சுட்டிய இடம் ஒரு கண்டத்தின் அளவுக்குப் பரந்தது. மதராஸ் அதில் இல்லை, நுங்கம்பாக்கம் இல்லை, இவ்வூரார் வானத்துக்கு வழங்கிவந்த பெயர்களில் ஒன்றும் இல்லை. வேறு வழி இருந்ததா? இருந்தது என்பதைப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஜேம்ஸ் வாட்சன் காட்டினார். 1874இல் வெள்ளி இடைநகர்வை, அதாவது சூரியனின் முகத்தை வெள்ளி கடப்பதை, காணப் பீக்கிங் சென்ற அந்த அமெரிக்க வானியலாளர் அக்டோபர் 10 அன்று அங்கிருந்தே ஒரு சிறுகோளைக் கண்டார். பெயர் சூட்டும்படி சீன இளவரசர் கோங்கைக் கேட்டார். இளவரசர் தந்த சீனப் பெயரோடுதான் 139 ஜுவேவா இன்றும் வழங்குகிறது. வாட்சன் விருந்தாளி, சீனம் தன்னாட்சி கொண்ட பேரரசு, அதன் இளவரசரைக் கேட்பது மரியாதை. போக்சன் ஆளும் அரசின் அலுவலர். மதராஸில் யாரைக் கேட்பது என்ற கேள்வியே அவருக்கு எழுந்திருக்க வாய்ப்பில்லை. இதைத் தனி மனிதரின் குறையாகக் கொள்வது சரியன்று. பெயரிடும் உரிமை ஆட்சியுரிமையின் வழியே போயிற்று என்பதே இதன் வரலாற்றுப் பாடம்.

உதவியாளர்கள்

சிந்தாமணி ரகுநாதாச்சாரி, போக்சன் மதராஸ் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே பணியில் இருந்தவர். பின்னர் முதல் உதவியாளர் ஆனார். 1867இல் தென்வானில் ரெட்டிகுலம் விண்மீன் குழுவில் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். இன்று ஆர் ரெட்டிகுலி எனப்படும் அது, ஓர் இந்தியர் நவீன முறையில் செய்த முதல் வானியல் கண்டுபிடிப்புகளில் ஒன்று. 1868 முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலும் 1871 கிரகணத்தை அவிநாசியிலும் நோக்கினார். 1872இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அந்தத் தகுதி பெற்ற முதல் இந்தியர். 1874 வெள்ளி இடைநகர்வைப் பொதுமக்களுக்கு விளக்க, ஆங்கிலத்திலும் சில இந்திய மொழிகளிலும் உரையாடல் வடிவில் நூல் எழுதினார். கண்ணால் காணும் நிலைக்கு ஒத்த திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடினார். 1880இல் மறைந்தார்.

இவர் ஆசியாவைக் கண்டாரா? கண்டார் என்று சொல்லச் சான்று இல்லை. 1867 கண்டுபிடிப்பு ரகுநாதாச்சாரியின் பெயரில் வெளியுலகுக்குச் சென்றது போக்சனின் வழியாகத்தான். உறுப்பினர் தகுதியும் அவருடைய மேலாண்மைக் காலத்தில் கிடைத்ததே. உதவியாளரின் பெருமையை விழுங்கும் வழக்கம் கொண்டவராக இந்தச் சான்றுகள் போக்சனைக் காட்டவில்லை. எனவே பெயரை மாற்றி எழுத எனக்கு மனம் இல்லை.

ஆனால் அங்கே பணியாற்றியவர்களுக்கு என்ன பங்கு என்ற இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. முதல் பார்வைக்குப் பிந்தைய அளவீடுகள், அவற்றுக்கு அடிப்படையான விண்மீன் இடங்கள், கடிகாரத் திருத்தம், ஒளிவிலகலுக்கான கழிவு, பக்கம் பக்கமான எண்கணக்கு ஆகியவை இல்லாமல் பாதை இல்லை. பாதை இல்லாமல் 67 என்ற எண் நிலைத்திருக்காது. மதராஸில் 1862 முதல் 1887 வரை மெரிடியன் வட்டக் கருவியில் எடுக்கப்பட்ட விண்மீன் அளவீடுகளில் ரகுநாதாச்சாரியின் பங்கு மட்டும் பல்லாயிரம். அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி போக்சன் மறைந்த பிறகு, அவரை அடுத்துப் பொறுப்பேற்ற மிக்கி ஸ்மித்தின் மேற்பார்வையில்தான் அச்சேறியது. போக்சன் மீது வைக்கத்தக்க உண்மையான குறை இதுதான்: அவர் அச்சிடத் தாழ்த்தினார். அந்தத் தாமதத்தில் தேய்ந்தது அவர் பெயர் மட்டுமன்று. அளந்தவர்கள், கணக்கிட்டவர்கள் எல்லோருடைய உழைப்பும் காலம் கடந்தே உலகுக்குத் தெரிந்தது.

போக்சனின் மகள் எலிசபெத் ஐசிஸ் இந்த வரலாற்றில் தனியே நிற்பவர். 1873 முதல் கால் நூற்றாண்டு மதராஸ் வான்நோக்ககத்தில் கணக்கிட்டார். மாகாண வானிலைப் பணியையும் பார்த்தார். 1886இல் அரச வானியல் கழகத்துக்குத் தந்தை அவர் பெயரை முன்மொழிந்தார். பெண் என்பதால் விதி இடம் தரவில்லை. 1920இல்தான் உறுப்பினரானார். மதராஸின் இந்திய உதவியாளருக்கு 1872இல் திறந்த கதவு, ஒரு சிறுகோளின் பெயர் தாங்கிய அந்தப் பெண்ணுக்கு மேலும் 48 ஆண்டுகள் மூடியிருந்தது. மறைக்கப்பட்ட உழைப்பைப் பேசும்போது நாட்டை மட்டும் அளவுகோலாகக் கொள்வது போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிற்கால வாழ்வு

மதராஸ் கோள்கள் கண்டறியப்பட்ட நாளோடு முடிந்துவிடவில்லை. ரகுநாதாச்சாரி விளக்கிய வெள்ளி இடைநகர்வை அளந்ததன் நோக்கம் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவை அறிவது. 1874 முயற்சிகள் எதிர்பார்த்த துல்லியத்தைத் தரவில்லை. 1888–89இல் நன்னம்பிக்கை முனையில் டேவிட் கில், விக்டோரியா, ஐரிஸ், சாஃபோ என்ற மூன்று சிறுகோள்களை அளந்து அத்தொலைவைத் தரும் சூரிய இடமாறு தோற்றம் 8.80 விகலை என்று நிறுவினார். பல்லாண்டுகள் உலகம் அந்த எண்ணையே ஏற்றுப் பயன்படுத்தியது. அம்மூன்றில் சாஃபோ மதராஸில் கண்டறியப்பட்டது. சில்வியாவுக்கு 2001இலும் 2004இலும் எடுத்த படங்களில் இரண்டு துணைக்கோள்கள் தென்பட்டன. இரண்டு துணைக்கோள்கள் உடையதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் அதுவே. அவற்றின் பெயர்கள் ரோமுலஸ், ரேமஸ்: ரோமானியத் தொன்மத்தில் அவ்விருவரின் தாய் ரியா சில்வியா என்பதால் பிள்ளைகள் வேறு யாராகவும் இருக்க முடியாது. நுங்கம்பாக்கத்தில் 1866இல் கண்ட ஒரு கோளின் பெயர், 21ஆம் நூற்றாண்டின் பெயரிடலுக்கும் வழி வகுத்திருக்கிறது.

1899இல் வானியல் பணி கோடைக்கானலுக்கு மாறியது. 1885இன் வேராவுக்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் இந்திய மண்ணில் சிறுகோள் கண்டறியப்படவில்லை. 1988 பிப்ரவரி 17 அன்று, ஜவ்வாது மலையின் காவலூரில் ஆர். ராஜமோகன் ஒன்றைக் கண்டார். பெயரிடும் உரிமை இம்முறை இங்கே இருந்தது. அதன் பெயர் 4130 ராமானுஜன்.

மதராஸ் வான்நோக்ககத்தின் கையெழுத்துப் பதிவேடுகள் இன்று பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றை வானியல் அறிந்தவர்கள் ஓரளவு பார்த்திருக்கிறார்கள். தமிழும் தெலுங்கும் அறிந்த, பத்தொன்பதாம் நூற்றாண்டு அலுவலக எழுத்தைப் படிக்கப் பழகிய சமூக வரலாற்று ஆய்வாளர்கள் போதிய அளவில் அங்கே செல்லவில்லை. 1861 ஏப்ரல் முதல் அவ்வாண்டு இறுதி வரையிலான நோக்கேடுகளையும் கணக்கேடுகளையும் கையெழுத்து வாரியாகப் பிரித்து, எந்த இரவில் யார் அளந்தார், எந்தக் கணக்கை யார் போட்டார் என்று பட்டியலிட வேண்டும். ஆய்வேட்டுக்குப் பொருள் தேடும் இளம் ஆய்வாளர் ஒருவர் இந்த வேலையைக் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.